அந்த ‘க்ளிக்’ திரும்ப வேண்டுமா? பழைய மெக்கானிக்கல் கீபோர்டை உயிர்ப்பிக்க முழுமையான வழிகாட்டி

ஜெராக்ஸ் கடையில் பயோடேட்டா அடிக்கக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் காத்திருந்த காலம் நினைவிருக்கிறதா? அடிக்கும் அக்கா திரையைப் பார்க்கவே மாட்டார். கண் நம் கோணல்மாணல் கையெழுத்தில் இருக்கும், விரல்கள் தகரக் கூரையில் மழை விழுவதுபோல ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் நம்மைப் பார்த்து, “அப்பா பேருக்கு இனிஷியல் என்ன தம்பி?” என்று கேட்பார். கை நிற்காது.

அந்த மழைக்குப் பின்னால் அடிக்கடி இருந்தது சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ் விற்ற ‘டிவிஎஸ் கோல்டு’ கீபோர்டு. பில் போடும் கவுண்டர்களிலும் டிடிபி சென்டர்களிலும் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் உள்ள இந்த வகைக்கு மெக்கானிக்கல் கீபோர்டு என்ற பெயரே தெரியாமல் அதில் அடித்துப் பழகிய ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. நானும் அதில் ஒருவன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்து, டிடிபி வேலைக்குப் போய், இப்போது லேப்டாப்பின் தட்டையான கீகளில் விரல் நுனி மரத்துப்போய் உட்கார்ந்திருப்பவன்.

வெறும் சத்தத்துக்காக ஏங்குகிறோம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எழுத்து பதிந்துவிட்டது என்று கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்தது. அதைத்தான் தேடுகிறோம். அதைத் திரும்பப் பெறும் வழியைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: உங்கள் விரல் எதைத் தேடுகிறது?

இதைத் தீர்மானிக்காமல் காசைச் செலவழித்தால் ஏமாற்றம்தான். பழைய கீகளின் உணர்வு ஒன்றல்ல. நம்மவர்களுக்குப் பழக்கமானவை மூன்று.

முதலாவது டைப்ரைட்டர். ரெமிங்டன், கோத்ரெஜ், ஃபேசிட் எதுவானாலும் கீயை அழுத்தினால் நெம்புகோல் வழியாக எழுத்துக் கம்பி எகிறிப் போய் ரிப்பனில் அடிக்கும். விரலின் பலமே தாளில் எழுத்தாகும். அதனால்தான் ‘ஏ எஸ் டி எஃப்’ பாடத்தில் சுண்டுவிரலின் ‘ஏ’ மட்டும் எல்லோருக்கும் மங்கலாக விழுந்தது. இந்தக் கனத்தைத்தான் தேடுகிறீர்கள் என்றால் எந்த கீபோர்டும் உங்களைத் திருப்திப்படுத்தாது. ஒரு பழைய டைப்ரைட்டரையே வாங்கி, எண்ணெய் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டி உங்களுக்கு இங்கேயே முடிந்துவிட்டது.

இரண்டாவது ஐபிஎம் கீபோர்டுகளின் மடங்கும் ஸ்பிரிங். ரிச்சர்ட் ஹண்டர் ஹாரிஸ் என்ற ஐபிஎம் பொறியாளர் 1978-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு கீக்கு அடியிலும் ஒரு சுருள் ஸ்பிரிங் நிற்கும். அழுத்த அழுத்தத் தாங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று இடுப்பொடிந்து பக்கவாட்டில் மடங்கும். மடங்கும்போது குழாயின் சுவரில் மோதுவதுதான் அந்தச் சத்தம். அதே நொடியில் ஸ்பிரிங்கின் அடியில் இருக்கும் சிறு தகடு சாய்ந்து எழுத்தைப் பதியவைக்கும். சத்தம், விரலுக்குக் கிடைக்கும் விடுதலை, எழுத்து மூன்றும் ஒரே நிகழ்ச்சி. இதற்கு இணையான இன்னொன்றை என் விரல்கள் தொட்டதில்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் ‘மாடல் எஃப்’, 1985-இல் வந்த ‘மாடல் எம்’ இரண்டும் இந்த வகை.

மூன்றாவது, ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் நீல ஸ்விட்ச். பழைய டிவிஎஸ் கோல்டுக்குள் இருந்தது இதுதான். உள்ளே நகரும் தண்டு இரண்டு துண்டு. நீலத் தண்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு தளர்ந்த வளையம் இருக்கும். தண்டு இறங்கும்போது இந்த வளையம் ஓரிடத்தில் தடைப்பட்டு, பிறகு சட்டென்று கீழே குதித்து மோதும். அதுவே ‘க்ளிக்’. கீ மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், ஏறத்தாழ 2.2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிந்துவிடும். அடிவரை குத்த வேண்டியதில்லை. இங்கே ஒரு சின்ன வஞ்சகம் உண்டு. வளையம் மீண்டும் தயாராகும் இடம் எழுத்து பதியும் இடத்தைவிடச் சற்று மேலே இருக்கிறது. கீயைப் பாதி விட்டு மீண்டும் அழுத்தினால் எழுத்து வராது, கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும். கேம் விளையாடுபவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். டிடிபி ஆட்கள் யாரும் இதைக் கவனித்ததாகவே எனக்கு நினைவில்லை.

கண்ணை மூடி, ‘அம்மா’ என்று காற்றில் அடித்துப் பாருங்கள். விரல் ஆழமாகப் போய் இடித்து நின்றால் உங்களுடையது டைப்ரைட்டர் ஏக்கம். பாதியில் மிதந்து திரும்பினால் நீல ஸ்விட்ச். சிரிக்காதீர்கள், வேலை செய்யும்.

படி 2: பழைய போர்டைத் தேடிப் பிடிப்பது

சென்னை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட். மற்ற ஊர்களில் காயலான் கடைகள், மூடப்படும் டிடிபி சென்டர்கள், கணினி சர்வீஸ் கடைகளின் பரண். “பழைய மெக்கானிக்கல் கீபோர்டு இருக்கா?” என்று கேட்காதீர்கள், விலை ஏறிவிடும். “சத்தம் போடுற பழைய கீபோர்டு இருக்காண்ணே?” என்று கேளுங்கள். எரிச்சலோடு எடுத்துத் தருவார்கள்.

கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியவை:

ஒரு கீகேப்பை, அதாவது எழுத்து அச்சான பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றுங்கள். நீல ஸ்விட்ச் போர்டு என்றால் உள்ளே நீல நிறத்தில் கூட்டல் குறி வடிவத் தண்டு தெரிய வேண்டும். ஸ்விட்சின் மேல்மூடியில் ‘செர்ரி’ முத்திரை இருந்தால் அசல். எம்எக்ஸ் வடிவத்தைப் பல சீன நிறுவனங்களும் இப்போது தயாரிக்கின்றன, அவற்றிலும் நீலத் தண்டு இருக்கும். எனவே நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கூட்டல் குறிக்குப் பதில் மெல்லிய ரப்பர் குமிழ் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வயதை மதிப்பிட எளிய வழி இரண்டு. விண்டோஸ் கீ இருந்தால் விண்டோஸ் 95 காலத்திலோ அதற்குப் பிறகோ வந்தது. ரூபாய்க் குறியீடு ஏதாவது கீயில் அச்சாகியிருந்தால் அது 2010 ஜூலைக்குப் பிந்தியது, அந்தக் குறியீட்டை அரசு ஏற்றதே அப்போதுதான். ஐபிஎம் மாடல் எம் என்றால் இந்த வித்தையெல்லாம் தேவையில்லை. திருப்பினால் பின்புற லேபிளில் தயாரித்த தேதியே இருக்கும், பிறப்புச் சான்றிதழ் மாதிரி.

எழுத்து அழிந்திருப்பது, மஞ்சள் பூத்திருப்பது இரண்டும் குறையே இல்லை. வயர் வெடித்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் போர்டைச் சாய்த்தால் உள்ளே துருவாகக் கொட்டினால் வேண்டாம். கடலோர ஊர்களில் உப்புக்காற்று தின்ற போர்டுகள் நிறைய வரும்.

படி 3: சுத்தம் செய்யும் முன் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

பலர் தலைகீழாகச் செய்வார்கள். இரண்டு நாள் கழுவித் துடைத்துவிட்டு, பிறகு செருகிப் பார்த்தால் போர்டு செத்திருக்கும்.

யுஎஸ்பி என்றால் நேராகச் செருகலாம். வட்ட முனையில் ஆறு ஊசி இருந்தால் அது பிஎஸ்-2. டெஸ்க்டாப்பின் பின்னால் ஊதா நிறத் துளை கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. கணினியை அணைத்த பிறகே செருகுங்கள். ஓடும் கணினியில் பிஎஸ்-2-வைச் செருகிப் பிடுங்கும் பழக்கம் மதர்போர்டுக்கு ஆபத்து.

பிஎஸ்-2 துளையே இல்லாத கணினி என்றால் கன்வெர்ட்டர் தேவை. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். விரல் கட்டை அளவில் ஒரே துண்டாக வரும் மலிவான அடாப்டர் வெறும் கம்பி இணைப்பு. யுஎஸ்பி மொழி ஏற்கெனவே தெரிந்த கீபோர்டுக்குத்தான் அது உதவும். பழைய போர்டுகளுக்கு அந்த மொழி தெரியாது. உள்ளே சிப் வைத்து மொழிபெயர்க்கும் கன்வெர்ட்டரைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமாக ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் ஊதாவும் பச்சையுமாக இரண்டு வால் தொங்கும்.

இணைந்ததும் விண்டோஸின் திரைக் கீபோர்டைத் திறந்து ஒவ்வொரு கீயாக அழுத்துங்கள். திரையில் அதே கீ ஒளிர வேண்டும். ஒளிராதவை, ஒரு தட்டுக்கு இருமுறை வருபவை, க்ளிக் சத்தம் மட்டும் இல்லாதவை என்று மூன்று பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். படி 5-இல் தேவைப்படும்.

படி 4: கழற்றுவது, கழுவுவது

முதலில் போனில் ஒரு படம். எனக்கு எல்லாக் கீயும் மனப்பாடம் என்று நானும் நினைத்தேன். நம்பர் பேடுக்கு மேலே இருப்பவற்றை மாட்டும்போது விழித்தேன்.

கீகேப்பைக் கழற்றக் கம்பிக் கொக்கி விற்கிறார்கள். இரண்டு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்தாலும் அதே வேலை. எதிரெதிர் மூலைகளில் மாட்டி நேராக மேலே இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஒரு பக்கமாக நெம்பினால் தண்டு உடையும். ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் இவற்றின் அடியில் சமன் செய்யும் கம்பி கொக்கி போட்டிருக்கலாம். பாதி தூக்கியதும் எட்டிப் பார்த்து, கம்பியை விடுவித்துவிட்டு எடுங்கள்.

கீகேப்புகளை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் நாலு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். கொதிநீர் வேண்டாம், ஏபிஎஸ் பிளாஸ்டிக் வளையும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பக்கமே போகாதீர்கள், எழுத்தோடு கீயும் கரையும். பழைய டூத்பிரஷால் தேய்த்து, அலசி, நிழலில் கவிழ்த்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். தண்டு நுழையும் குழிக்குள் நீர் ஒளிந்துகொள்ளும்.

மஞ்சளை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. வெளுக்கும், ஆனால் திட்டுத்திட்டாகப் போக வாய்ப்பு அதிகம், கையும் வெந்துவிடும். அந்த மஞ்சளை விட்டுவிடுங்கள் என்பதே என் கட்சி. அது உழைத்த நிறம்.

உடல் பகுதிக்குத் தண்ணீர் கூடாது. கவிழ்த்துத் தட்டுங்கள். தலைமுடி, பேப்பர் கிளிப், மிக்சர் துணுக்கு, கரப்பான் முட்டை எல்லாம் வரும். பெயின்ட் பிரஷால் கூட்டி எடுத்து, பிசுக்கு இருக்கும் இடத்தில் பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டுத் துடையுங்கள். மொபைல் சர்வீஸ் கடைகளில் ‘ஐபிஏ’ என்று கேட்டால் தருவார்கள். பக்கத்தில் விளக்கோ சிகரெட்டோ வேண்டாம்.

படி 5: ஸ்விட்ச் வைத்தியம்

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டிடியூட்டில் சனிக்கிழமைதோறும் மாஸ்டர் எண்ணெய்க் குப்பியோடு வருவார். ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு சொட்டு, துணியால் ஒரு துடைப்பு. அந்த ஞாபகத்தில், இறுகியிருந்த ஒரு கீயில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். கீ வெண்ணெய்போல இறங்கியது. க்ளிக் போய்விட்டது. வெள்ளை வளையம் எகிறிக் குதிப்பதற்கு வறண்ட பிளாஸ்டிக் வேண்டும், எண்ணெயில் அது வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிடும். போதாததற்குத் தூசியும் ஒட்டிக்கொள்ளும். டைப்ரைட்டருக்கு மருந்து, நீல ஸ்விட்சுக்கு விஷம். தேங்காய் எண்ணெய்க்கும் துரு நீக்கும் ஸ்பிரேவுக்கும் இதுவே பதில்.

சரி, பட்டியலை எடுங்கள்.

எழுத்து வராதது, இரட்டையாக வருவது இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கும் தகடுகளின் தொடுமுனையில் படிந்த அழுக்கு. போர்டு கணினியோடு இணைந்திருக்கக் கூடாது. கீயை அழுத்திப் பிடித்து, தண்டின் ஓரமாக ஐபிஏ ஒரு சொட்டு விட்டு, நூறு முறை தட்டுங்கள். சில மணி நேரம் காயவிட்டுச் சோதியுங்கள். தேவையானால் மறுபடியும். வெறும் நூறு தட்டிலேயே குணமான கீகளும் உண்டு, நாள்பட்ட உறக்கம் அவ்வளவுதான். க்ளிக் மட்டும் இல்லாதவற்றில் காபியோ கூல்டிரிங்கோ காய்ந்து வளையத்தை ஒட்டியிருக்கும். அதற்கும் இதே மருந்து.

இதற்கும் மசியாவிட்டால் ஸ்விட்சை மாற்ற வேண்டும். கடையில் புதிது தேடும் முன் உங்கள் போர்டின் மேல் வரிசையைப் பாருங்கள். ஸ்க்ரோல் லாக் என்று ஒரு கீ இருக்கிறது. கடைசியாக எப்போது அழுத்தினீர்கள்? பத்து வருடம் ‘ஏ’ அடி வாங்கிக்கொண்டிருந்தபோது அது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. அதே பெட்டியில், அதே வயதில், தேயாத ஸ்விட்ச். அதைக் கழற்றி ‘ஏ’-வில் வையுங்கள். பாஸ் (Pause) கீயும் தானம் செய்யும்.

சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப், கொஞ்சம் புது ஈயம் வேண்டும். பின்புற ஸ்க்ரூக்களை எடுத்து, ஓரக் கொக்கிகளை மெதுவாக விடுவித்து சர்க்யூட் பலகையை வெளியே எடுங்கள். ஒவ்வொரு ஸ்விட்சும் இரண்டு உலோகக் கால்களால் பற்றவைக்கப்பட்டிருக்கும். பழைய ஈயம் எளிதில் உருகாது. அதன் மேல் புது ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்கி, பிறகு பம்பால் உறிஞ்சுங்கள். ஓரிடத்தில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் அயர்னை வைத்தால் பலகையின் செம்புத் தடம் உரிந்துகொண்டு வந்துவிடும். கால் லேசாக ஆடினால்தான் ஸ்விட்சை இழுக்க வேண்டும். முதல்முறை என்றால் செத்துப்போன ரேடியோ பலகையில் நாலைந்து கால்களை எடுத்துப் பழகிவிட்டு வாருங்கள்.

புது ஸ்விட்ச் வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்விட்சுகளுக்கு நடுவே உலோகத் தட்டு இருக்கும் போர்டும் உண்டு, பலகையில் நேரடியாக நிற்கும் போர்டும் உண்டு. தட்டு இல்லாவிட்டால் அடியில் கூடுதலாக இரண்டு பிளாஸ்டிக் கால் உள்ள ‘ஐந்து பின்’ வகைதான் நேராக நிற்கும். தட்டில்லாத போர்டில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஈயம் எடுக்காமலே, மேல்மூடியின் நான்கு கொக்கிகளை நெம்பி ஸ்விட்சைத் திறந்து உள்ளே துடைக்கலாம். ஸ்பிரிங் எகிறும், வெள்ளைத் துண்டு விரித்து உட்காருங்கள்.

படி 6: கையில் சிக்கியது மாடல் எம் என்றால்

அதிர்ஷ்டசாலி. கீகேப்புகள் பிபிடி பிளாஸ்டிக், எழுத்துகள் சாயமாகவே உள்ளே இறங்கியவை, மஞ்சளாவதும் இல்லை. பின்புறம் நான்கு அறுகோணத் திருகுகள், 5.5 மில்லிமீட்டர் நட் டிரைவர் வேண்டும். குழி ஆழம், எனவே மெல்லிய கழுத்துள்ளதாகப் பாருங்கள்.

வாங்கும்போதே குலுக்கிக் கேளுங்கள். உள்ளே கடுகு போல ஏதாவது உருண்டால், இரும்புத் தகட்டையும் பிளாஸ்டிக் படுக்கையையும் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஆணிகளின் தலைகள் உடைந்திருக்கின்றன. நாலைந்து போயிருந்தால் கவலையில்லை. ஒரு பகுதி முழுக்கக் கீகள் தளர்ந்து தொளதொளத்தால், ஆணிகளைச் செதுக்கி எடுத்துவிட்டு, துளையிட்டு 2 மில்லிமீட்டர் போல்ட் நட் போடுவதுதான் நிரந்தர வழி. ஒரு ஞாயிறு முழுக்கத் தின்னும் வேலை.

கீகேப்பைத் திரும்ப மாட்டும்போது ஒரு நுணுக்கம். போர்டை ஸ்பேஸ் பார் மேலே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்திக்கொண்டு மாட்டுங்கள். அப்போதுதான் ஸ்பிரிங் நடுவில் வந்து கீயின் அடியில் சரியாக உட்காரும். மாட்டியதும் சத்தம் வரவில்லையா? கழற்றி மறுபடியும் மாட்டினால் போதும். விண்டோஸ் கீ இருக்காது. மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் மென்பொருளில் கேப்ஸ் லாக்கை விண்டோஸ் கீயாக மாற்றிக்கொள்ளலாம்.

படி 7: மேசை

போர்டு பழையபடி ஆகியும் “அது மாதிரி இல்லையே” என்று தோன்றினால் மேசையைச் சந்தேகியுங்கள். கனமான மர மேசையில் க்ளிக் சுத்தமாகக் கேட்கும். மெல்லிய பிளைவுட், இரும்பு மேசை இரண்டும் அதிர்ந்து தங்கள் குரலையும் சேர்த்துக் கத்தும். அடியில் ஒரு தடித்த ஃபெல்ட் துணியைப் போட்டுப் பாருங்கள், இன்ஸ்டிடியூட் மெஷின்களுக்கு அடியில் இருந்தது போல. கீகேப்புக்குள் ரப்பர் வளையம் மாட்டச் சொல்வார்கள். அது கீ அடியில் இடிக்கும் சத்தத்தைத்தான் குறைக்கும், க்ளிக்கை ஒன்றும் செய்யாது. ஆனால் விரலுக்கு அடியில் ஒரு சொதசொதப்பு வந்துவிடும். எனக்குப் பிடிக்கவில்லை.

படி 8: தமிழில் அடித்துப் பாருங்கள்

ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தினால் பாதி சுகம்தான். இன்ஸ்டிடியூட் கைகளுக்குப் பழைய டைப்ரைட்டர் அமைப்பு வேண்டுமானால் என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளில் கிடைக்கும். கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பிறகு தட்டும் அந்த வரிசையை விரல்கள் இருபது வருடம் கழித்தும் மறக்கவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். அதனால் ஓர் உயிர்மெய்க்கு வலம், இடம் என்று கை மாறி மாறி விழும். ‘பாடு’ என்று அடித்தால் நான்கு தட்டு, வலம் இடம் வலம் இடம். ‘பக்கம்’ போன்ற சொல்லில் ககரத்தை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானே விழும், அங்கே வலக்கை மட்டும் இரட்டைத் தாளம் போடும். லேப்டாப்பில் இது தெரியாது. நீல ஸ்விட்சில் சொல்லுக்குச் சொல் தாளம் மாறுவது காதில் விழும். நேரம் போவது தெரியாமல் சும்மா ஊர்ப் பெயர்களை அடித்துக்கொண்டிருப்பேன். ‘திருச்செங்கோடு’ நன்றாக ஒலிக்கும்.

எழுத்து பதியும் இடத்திலேயே விரலைத் திருப்பும் பழக்கத்துக்கு வர ஒரு வாரமாகும். அதுவரை அடிவரை குத்துவீர்கள், மணிக்கட்டு வலிக்கும். வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் ராத்திரி பத்து மணிக்கு மேல் லேப்டாப்தான், இதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

கழற்றிய கெட்ட ஸ்விட்சைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்க்ரோல் லாக் இருந்த காலி இடத்தில் அதைச் செருகிப் பற்றவைத்து, கீகேப்பை மேலே மாட்டிவிடுங்கள், ஓட்டை தெரியாது. என் எண்ணெய் குடித்த ஸ்விட்ச் இப்போது அங்கேதான் இருக்கிறது. எப்போதாவது கை தவறிப் பட்டால் சத்தமே இல்லாமல் இறங்கும்.